45 லட்சமா, 46 லட்சமா? தூத்துக்குடியில் ஃபிளாட் தேடுவோர் கவனிக்க வேண்டிய கோடு

பெரிய நகரங்களில் 2024-ல் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளின் விற்பனை எகிறியது. 50 லட்சத்துக்குக் கீழே உள்ளவை சரிந்தன என்கிறது நைட் ஃபிராங்க் அறிக்கை. நிலமும் கட்டுமானச் செலவும் ஏறியதில், பில்டர்களுக்குச் சின்ன பட்ஜெட் வீட்டில் லாபம் குறைவு.

துறைமுகம் இருக்கும் தூத்துக்குடியில், 2025 ஆகஸ்ட்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலையும் திறந்தாச்சு. வேலைக்கு வந்து வீடு தேடுறவங்க ஜிஎஸ்டி கணக்கையும் பார்க்கணும். கட்டி முடியாத ஃபிளாட் 45 லட்சத்துக்குள், கார்பெட் ஏரியா 90 சதுர மீட்டருக்குள் (சுமார் 968 சதுர அடி) இருந்தால் வரி 1%தான். அதாவது அதிகபட்சம் 45,000 ரூபாய். அதுவே 46 லட்சம் என்றால் 5%, அதாவது 2.30 லட்சம்! சென்னையில் 60 சதுர மீட்டர்தான் வரம்பு. அந்த வகையில் தூத்துக்குடிக்கு கொஞ்சம் லக்.

2019 ஏப்ரலில் போட்ட இந்தக் கோடு, வீட்டு விலை ஏறியும் 2025 வரை நகரவே இல்லை. இன்னொன்று: பில்டர் தனியாக வாங்கும் பார்க்கிங் கட்டணமும் அந்த 45 லட்சக் கணக்கில் சேரும்.