கணினியில் தேதி மாறிக்கொண்டே இருக்கிறதா? முதலில் பேட்டரியைப் பாருங்கள்

மேசைக் கணினியை இயக்கும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றால், கணினியே பழுதாகிவிட்டது என்று அஞ்சத் தேவையில்லை. மதர்போர்டில் உள்ள சிஎம்ஓஎஸ் பேட்டரி தீர்ந்திருப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

கணினியை இயக்கியதும் முதலில் செயல்படுவது பயாஸ் எனப்படும் தொடக்க மென்பொருள். மின்சாரம் இல்லாதபோதும் கணினியின் கடிகாரம் ஓட இந்த 3 வோல்ட் பேட்டரி உதவுகிறது. பழைய கணினிகளில் பயாஸ் அமைப்புகளும் இதனால்தான் அழியாமல் இருக்கின்றன. தேதி தவறானால், பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்க இயலாமல் வங்கி இணையதளங்கள்கூடத் திறக்காமல் போகலாம்.

பெரும்பாலான மதர்போர்டுகளில் இருப்பது நாணய வடிவிலான சிஆர் 2032 வகை பேட்டரி. பயாஸ் அமைப்புகளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, கணினியை அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்த பிறகே அதை மாற்ற வேண்டும். பின்னர் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி பயாஸுக்குள் சென்று தேதியைத் திருத்தலாம். கணினியைப் பொறுத்து இந்த விசை மாறுபடும்.

விண்டோஸில் பிட்லாக்கர் பாதுகாப்பு இருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணை முன்கூட்டியே குறித்துக்கொள்வது அவசியம். பயாஸ் அமைப்புகள் மாறும்போது விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கக்கூடும். அது கைவசம் இல்லையெனில், சேமித்துள்ள கோப்புகளைத் திறக்கவே இயலாது.

புதிய பேட்டரி பொருத்திய பிறகும் தேதி மாறினால், மதர்போர்டைப் பரிசோதிக்க வேண்டும்.