கேட்டு வாங்கியதும் கூட வந்ததும்

புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது என் தொழில். ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபீஸ், ஒரு பிரவுசர்: பிழைப்புக்கு இவை போதும். எல்லாம் ஜென்டூ லினக்ஸ் ஓடும் ஒரு பழைய லேப்டாப்பில் இருக்கின்றன. ஜென்டூவில் மென்பொருள் பெரும்பாலும் தயாராகச் செய்யப்பட்டு வருவதில்லை. சோர்ஸ் கோடு இறங்கும். நம் கணினியே அதை கம்பைல் செய்து நிறுவிக்கொள்ளும்.

இதைச் சொன்னதும் எல்லாரும் கேட்பது, "அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்பதைத்தான். ஆகத்தான் செய்கிறது. லிப்ரே ஆபீஸைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். ஆனால் அது கணினியின் பாடு. நம் பாடு வேறு: போட்டதையெல்லாம் கணக்கில் வைத்திருப்பது.

கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும்? சோர்ஸிலிருந்து கையால் நிறுவும் பழைய முறையில் கடைசிக் கட்டளை 'மேக் இன்ஸ்டால்'. நிரலை ஓரிடத்திலும் லைப்ரரியை இன்னோரிடத்திலும் உதவிப் பக்கத்தை மற்றோரிடத்திலும் போட்டுவிட்டு அது போய்விடும். எங்கே எதைப் போட்டது என்று தனியாக ஒரு பதிவேடு வைக்காது. பிறகு அந்த மென்பொருள் வேண்டாம் என்றால், பல சமயம் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடித்தான் எடுக்கவேண்டும். முழு லினக்ஸையும் கையாலேயே கட்டக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்று உண்டு. ஜெரார்ட் பீக்மன்ஸ் தொடங்கிய 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்'. நிர்வாகத்துக்கென்று ஒரு கருவியை அது திணிப்பதில்லை. பல வழிகளைச் சொல்லிவிட்டு முடிவை நம்மிடம் விடுகிறது. எல்லாவற்றையும் மனதிலேயே வைத்துக்கொள்வது அதில் ஒரு வழி. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு யூசரை உருவாக்கி, கோப்பின் சொந்தக்காரர் பெயரைப் பார்த்தே அது எதனுடையது என்று கண்டுபிடிப்பது இன்னொன்று. கெட்டிக்கார யோசனைதான், ஆனால் எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

எனக்கு ஜென்டூவின் நிர்வாகக் கருவியான போர்ட்டேஜ் போதும். டேனியல் ராபின்ஸ் தொடங்கிய ஜென்டூவின் 1.0 பதிப்பு 2002இல் வந்தது. ஃப்ரீபிஎஸ்டியில் இருந்த 'போர்ட்ஸ்' முறையைப் பார்த்து எழுந்ததுதான் போர்ட்டேஜ். கூகுளின் குரோம் ஓஎஸ்ஸைக் கட்டுவதற்கும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அதன் கணக்குப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். 'வார்' ஃபோல்டருக்குள் 'டிபி', அதற்குள் 'பிகேஜி'. நிறுவிய ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு ஃபோல்டர். அதில் 'கன்டென்ட்ஸ்' என்றொரு கோப்பு. போட்ட கோப்பு ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு வரி: அது இருக்கும் இடம், பிறகு 32 எழுத்தில் அதன் கைரேகை, கடைசியில் 1970 தொடக்கத்திலிருந்து விநாடிக் கணக்கில் அதன் நேரம். பக்கத்திலேயே, எந்த வசதிகளோடு கம்பைல் செய்தோம் என்ற குறிப்பும் இருக்கும். தெரியாத கோப்பு ஒன்று கண்ணில் பட்டால், 'ஈக்வெரி' என்ற கருவியிடம் கேட்டால் எந்த மென்பொருள் பொதியினுடையது என்று சொல்லிவிடும்.

இது என்னென்ன இருக்கிறது என்ற கணக்கு. ஏன் இருக்கிறது என்பதற்குத் தனிக் கணக்கு உண்டு. கல்யாணத்துக்கு நாம் பத்திரிகை வைத்தவர்கள் ஒரு பட்டியல். பந்தியில் உட்காருகிறவர்கள் வேறொரு பட்டியல். ஜென்டூவில் பத்திரிகை வைத்தவர்களின் பட்டியலுக்கு 'வேர்ல்டு' என்று பெயர். வரிக்கு ஒரு பெயராக எழுதிய சாதாரண எழுத்துக் கோப்பு. என்னுடையது ஒரே பக்கத்தில் அடங்கிவிடுகிறது. நிறுவப்பட்டிருப்பவையோ பல நூறு. நான் கேட்டது இங்க்ஸ்கேப். அதற்குத் தேவையான லைப்ரரிகளும், அவற்றுக்குத் தேவையானவையும் தாமாக வந்தன.

வேர்ல்டு பட்டியலில் கண்டதும் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் பாதி நிர்வாகம் முடிந்தது. ஏதோ ஒரு லைப்ரரியை மட்டும் மறுபடி கம்பைல் செய்ய நேர்ந்தால் கட்டளையோடு 'ஒன்ஷாட்' என்று சேர்க்கவேண்டும். சேர்க்காவிட்டால் அந்த லைப்ரரியின் பெயரும் பட்டியலில் ஏறிவிடும்; அதை அழைத்து வந்த மென்பொருள் போன பிறகும் அது போகாது.

வேண்டாதவற்றை எடுக்கும் கட்டளை 'டெப்கிளீன்'. வேர்ல்டில் உள்ளவற்றிலிருந்து தொடங்கி, யாருக்கு யார் தேவை என்று சங்கிலியைப் பின்தொடரும். அடிப்படைப் பொதிகளை விட்டுவைக்கும். எந்தச் சங்கிலியிலும் வராததைத்தான் நீக்கும். கம்பைல் செய்ய மட்டும் தேவைப்படுகிற கருவிகளையும் தொடாது, அடுத்த அப்டேட்டுக்கு அவை மறுபடி வேண்டும் அல்லவா. டெப்கிளீனுக்குச் சுருக்கம் சின்ன 'சி'. பெரிய 'சி' போட்டால் கதையே வேறு: யாருக்குத் தேவை என்று பார்க்காமல் சொன்னதைத் தூக்கிவிடும். தூக்குவதற்கு முன் ஐந்து, நான்கு, மூன்று என்று விநாடிகளை எண்ணிக் காட்டும், மனம் மாறினால் நிறுத்திக்கொள்ளலாம். போர்ட்டேஜே பைத்தானில் எழுதப்பட்டது; பெரிய சியோடு பைத்தானை நீக்கினால் அதைத் திரும்பப் போட்டுத்தர போர்ட்டேஜால் முடியாது. ஒரே எழுத்தில் இப்படி இரண்டு வேலைகளை வைத்தவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு.

சோர்ஸ் முறையின் ருசி, எந்த வசதிகள் வேண்டும், வேண்டாம் என்று நாம் எழுதிவைக்கும் 'யூஸ்' வரியில் இருக்கிறது. என் லேப்டாப்பில் ப்ளூடூத்தை நான் தொடுவதே இல்லை. யூஸ் வரியில் அந்தச் சொல்லுக்கு முன் ஒரு மைனஸ் குறி போட்டுவிட்டு, மாறிய வசதிகளையும் கவனிக்கச் சொல்லி அப்டேட் கொடுத்தால், ஒலியைக் கவனிக்கும் பைப்வயர் ப்ளூடூத் பகுதி இல்லாமல் மறுபடி கம்பைல் ஆகும். அதற்காக வந்திருந்த 'ப்ளூஸ்' கேட்பாரற்று நிற்கும். டெப்கிளீன் அதை எடுத்துப்போய்விடும். மொழிக்கென்று இருக்கும் வரியில் தமிழின் குறியீட்டைச் சேர்த்தால் ஃபயர்பாக்ஸ் தமிழ் முகத்தோடு வரும்.

ஒரு லைப்ரரியின் புதிய பதிப்பு வந்தால், பழையதை நம்பிக் கம்பைல் ஆனவை உடைந்துபோகலாம். போர்ட்டேஜ் உடனே பழையதை வீசிவிடாது. ஓரமாக வைத்துக்கொண்டு, இன்னின்னவை இதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று சொல்லும். அவற்றை மறுபடி கம்பைல் செய்த பிறகு பழையது தானாகப் போகும்.

எல்லாவற்றையும் கம்பைல் செய்தே தீரவேண்டும் என்ற வைராக்கியம் எனக்கு இல்லை. ரஸ்ட் கம்பைலர் போன்ற பூதங்களுக்குத் தயாராகக் கிடைக்கும் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறேன். பெரிய நிரல்களுக்கு கம்பைல் வேலை ஒன்றுக்கு 2 ஜிபி நினைவகம் வேண்டும் என்பார்கள்; என் லேப்டாப்புக்கு அது கட்டுப்படியாகாது. 2023 டிசம்பரிலிருந்து ஜென்டூவே தயார்ப் பொதிகளைப் பெரிய அளவில் தருகிறது. பழைய ஆட்கள் சிலர் முகம் சுளித்தார்கள். எப்படி வந்தாலும் எல்லாம் அதே கணக்கில்தான் ஏறுகிறது, எனக்கென்ன?

கணக்கில் ஏறாதவையும் உண்டு. கெர்னல் சோர்ஸ் பதிப்புக்கு ஒரு ஃபோல்டராகப் பக்கத்துப் பக்கத்தில் சேரும். டெப்கிளீன் பழைய சோர்ஸை எடுத்தாலும், நாம் கம்பைல் செய்தபோது பிறந்த கோப்புகள் அங்கேயே கிடக்கும். போர்ட்டேஜ் போடாததை போர்ட்டேஜ் எடுக்காது. அவற்றை நாம்தான் அழிக்கவேண்டும். இறக்கிய சோர்ஸ் பொட்டலங்கள் தனி இடத்தில் குவியும். அவற்றுக்கு 'ஈகிளீன்' இருக்கிறது. டிஸ்க் நிறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த இரண்டு இடங்களைத்தான்.