காலி செய்யும் வீட்டுக்குள் யார் வரலாம்?

எண்பதுகளில் சென்னையில் ஒரு போர்ஷன் காலியாகிறது என்றால் கேட்டில் 'டு லெட்' அட்டை தொங்கும். அன்று மாலையே ஆள் வந்துவிடும். மாடியிலிருந்து ஹவுஸ் ஓனர் வீட்டம்மா குரல் கொடுப்பார்: "வீடு பார்க்க வந்திருக்காங்க, கொஞ்சம் காட்டிடுறீங்களா?" பதில் சொல்வதற்குள் வந்தவர்கள் செருப்பைக் கழற்றியிருப்பார்கள். அடுப்பில் குழம்பு கொதிக்கும், கூடத்தில் குழந்தை தூங்கும், கொடியில் உள்பாவாடை காயும். எதுவானாலும் வழிவிட வேண்டியதுதான். பத்து மாத அட்வான்ஸ் ஓனர் கையில். வெள்ளையடிக்க என்று அதில் எவ்வளவு பிடிப்பார் என்பது அவர் மனசைப் பொறுத்தது. அவரை யார் பகைத்துக்கொள்வார்கள்?

ஆனாலும் அதில் ஒரு நல்லது இருந்தது. வந்தவர் குடியிருப்பவரிடமே பேசினார். சமையலறைவரை வந்த பெண்மணி மெதுவாகக் கேட்பார்: "தண்ணி எப்படிம்மா?" "காலையில ஒரு தடவைதான் மோட்டார் போடுவாங்க. ஊர்லேருந்து ஆள் வந்தா முகம் மாறிடும். மத்தபடி நல்ல மனுஷங்க." எந்த ஒப்பந்தத்திலும் எழுதாத விஷயம் இப்படித்தான் கைமாறியது.

இப்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போன நேரத்தில் இன்னொரு சாவியால் திறந்து காட்டிவிடுகிறார்கள். புரோக்கர் செல்போனில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். படுக்கையறை, திறந்த பீரோ, மேசைமேல் மாத்திரை அட்டை, சுவரில் பிள்ளையின் பள்ளிப் படம் எல்லாம் அதில் இருக்கும். முன்பு பார்த்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். இந்த வீடியோ யார் யார் போனில் தங்குகிறதோ!

இத்தனைக்கும் இப்போது சட்டம் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வீட்டு உரிமையாளர் உள்ளே வர 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காரணம், நாள், நேரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். ரிப்பேர் பார்க்க வரலாம், வீட்டின் நிலையைப் பார்க்க வரலாம், வாடகை ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட வேறு நியாயமான காரணத்துக்கும் வரலாம். புது ஆளுக்கு வீடு காட்டுவது இந்த மூன்றாவதில்தான் அடங்கும். ஆனால் பதினொரு மாத ஒப்பந்தத்தை யார் படிக்கிறார்கள்? டைப் செய்து கொடுத்ததில் கையெழுத்துப் போடுகிறோம், அவ்வளவுதான்.

ஓனர் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் அவருக்கு வாடகை நஷ்டம். வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டுபவர் என்றால் கேட்கவே வேண்டாம். காட்டவே கூடாது என்பது அடாவடி. சொல்லிவிட்டு வரட்டும் என்பதுதான் பேச்சு.

அடுத்த முறை ஒப்பந்தம் போடும்போது இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: காலி செய்யும் மாதத்தில் முந்தின நாளே சொல்லிவிட்டு, நாங்கள் இருக்கும்போது மட்டும் வீடு காட்டலாம், எங்கள் சம்மதமில்லாமல் படமோ வீடியோவோ எடுக்கக் கூடாது. சாவி வாங்கும் நாளில் கேட்டால் பெரும்பாலான ஓனர்கள் மறுக்க மாட்டார்கள்.