காட்டுப்பன்றி வேட்டை: எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் காட்டுப்பன்றி வேட்டை பொழுதுபோக்காகவும் பயிர்க்காவலாகவும் நடக்கிறது. 1539இல் ஃபுளோரிடாவில் கரையிறங்கிய ஸ்பானியத் தளபதி எர்னாண்டோ டி சோட்டோ தன் படைக்கு உணவாகப் பன்றிகளை ஓட்டிவந்தார். பின்னாளில் குடியேறிகள் காட்டில் மேயவிட்ட பன்றிகளும், வேட்டைக்கென்றே ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட காட்டுப்பன்றிகளும் சேர்ந்து பெருகின. நாடு முழுவதும் இவை 60 லட்சத்துக்கு மேல் இருக்கும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் மதிப்பீடு. இவை மிக அதிகமாக உள்ள மாநிலம் டெக்சாஸ். 2019 செப்டம்பர் முதல் அங்கே தனியார் நிலத்தில், உரிமையாளரின் சம்மதத்துடன் பன்றி சுடுவதற்கு வேட்டை உரிமம் தேவையில்லை.

எந்தத் துப்பாக்கி ஏற்றது என்பதைப் பன்றியின் உடலமைப்பே தீர்மானிக்கிறது. வளர்ந்த ஆண் பன்றியின் தோளிலிருந்து விலா வரை, தோலுக்கு அடியில் குருத்தெலும்பு போன்ற கெட்டியான திசுப்படலம் ஒன்று உண்டு. மற்ற ஆண் பன்றிகளோடு மோதும்போது கோரைப்பல் உள்ளே இறங்காமல் காப்பது இதுதான். வயது ஏற ஏற இது தடிக்கும்; கிழட்டுப் பன்றியில் இரண்டு சென்டிமீட்டரையும் தாண்டும். அதன்மேல் தடித்த தோல், முரட்டு மயிர், காய்ந்த சேறு. இத்தனையையும் கடந்து, தோள் எலும்பையும் உடைத்து உள்ளுறுப்பைத் தொடும் குண்டே பயன்படும்.

உள்ளுறுப்புகள் இருக்கும் இடமும் கவனிக்க வேண்டியது. பன்றியின் இதயம் முன்னங்கால்களுக்கு இடையே, மார்பின் அடிப்பகுதியில் இருக்கிறது. நுரையீரலும் மானுக்கு இருப்பதுபோல் பின்னோக்கி நீள்வதில்லை. மானைச் சுட்டுப் பழகியவர் வழக்கம்போல் தோளுக்குச் சற்றுப் பின்னால் குறிவைத்தால் குண்டு இரைப்பையிலோ குடலிலோ பாயும். பன்றி காயத்தோடு புதருக்குள் ஓடிவிடும். உடலின் உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்கில், முன்னங்காலுக்கு நேர்மேலே குறிவைப்பது நல்லது. குண்டு நுழைந்த துளையைக் கொழுப்பு அடைத்துக்கொள்வதால் ரத்தம் அதிகம் சிந்தாது. மறுபக்கமும் துளைத்து வெளியேறும் குண்டுதான் பின்தொடரத் தடயம் விட்டுச்செல்லும்.

ஆகவே துப்பாக்கியைவிட முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது குண்டு. முழுக்க உலோக உறை போர்த்திய ராணுவக் குண்டு விரியாமல் ஊசி குத்தியதுபோல் ஊடுருவிப் போய்விடும். விலங்கு உடனே சாகாது. அணில், முயல் போன்ற சிற்றுயிர்களுக்கான மெல்லிய உறைக் குண்டோ தோளிலேயே சிதறி, மேல்காயத்தோடு நின்றுவிடும். பன்றிக்கு இரண்டுக்கும் நடுவானது வேண்டும். முனையில் ஈயம் தெரியும் மென்முனைக் குண்டு, ஈயமும் உறையும் பிரியாமல் ஒட்டவைத்த குண்டு, முழுக்கச் செம்பால் ஆன குண்டு ஆகியவை இந்த வகையில் சேரும். உடலில் பாய்ந்ததும் முனை விரிந்தாலும், எடையை இழக்காமல் இவை ஆழமாக இறங்கும்.

அடுத்தது தோட்டாவின் அளவு. அமெரிக்காவில் மிகப் பரவலான .223 ரெமிங்டன் தோட்டாவில் குண்டின் எடை சுமார் 3.6 கிராம். உதை குறைவு, விலையும் மலிவு. ஆனால் பெரிய ஆண் பன்றிக்கு இது விளிம்பு நிலைதான். கெட்டியான குண்டும் குறி தவறாத கையும் இருந்தால் போதும். இல்லையென்றால் காயப்படுத்துவதோடு நின்றுவிடும். .243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர் ஆகியவை இதற்கு மேல்படி. 1952இல் வந்த .308 வின்செஸ்டர் 9.7 கிராம் குண்டை வினாடிக்குச் சுமார் 860 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது, ஆற்றல் .223ஐப் போல இரு மடங்கு. எந்த அளவுப் பன்றிக்கும் எந்தக் கோணத்திலும் நம்பத்தக்கது என்பதால் இதுவே பொதுவான பரிந்துரை. அடர்ந்த புதரில், நூறு மீட்டருக்குள் சுடுவோருக்கு 1895இல் வந்த .30-30 வின்செஸ்டரும், 1873இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான .45-70ம் இன்றும் கைகொடுக்கின்றன.

ஷாட்கன் வைத்திருப்பவர்கள் 12 போர் துப்பாக்கியில் ஒற்றைக் குண்டுத் தோட்டாவைப் பயன்படுத்தலாம். சுமார் 28 கிராம் எடையுள்ள அந்த ஈயக் குண்டு ஐம்பது அறுபது மீட்டருக்குள் எந்தப் பன்றியையும் வீழ்த்தும். பெரிய ரவைத் தோட்டா இருபத்தைந்து மீட்டருக்குள் மட்டுமே பலன் தரும். பறவைக்கான சின்ன ரவையால் பன்றியைச் சுடுவது அதைச் சித்திரவதை செய்வதற்குச் சமம்.

துப்பாக்கியின் இயங்குமுறை வேட்டையின் தன்மையைப் பொறுத்தது. மறைவிடத்தில் காத்திருந்து ஒரே குண்டில் முடிக்க நினைப்பவருக்கு, ஒவ்வொரு முறையும் கையால் தாழ் இழுத்துக் குண்டேற்றும் போல்ட் ரைஃபிள் போதும். கூட்டமாக மேயும் பன்றிகளைக் குறைக்க விரும்பும் பண்ணைக்காரர்கள், தானாகவே அடுத்த தோட்டா ஏறும் ரைஃபிளை நாடுகிறார்கள். நெம்புகோல் ரைஃபிளில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கூர்முனைக் குண்டு முன்னிருக்கும் தோட்டாவின் வெடிமூடியில் மோதி வெடிக்கக்கூடும் என்பதால், அதில் தட்டை முனைக் குண்டோ அதற்கெனவே செய்த மென்மையான முனைக் குண்டோதான் போட வேண்டும். பன்றி பெரும்பாலும் இரவில் மேய்வதால் வெப்பத்தைக் காட்டும் தொலைநோக்கியும் பலரிடம் உண்டு. எதை வாங்கினாலும், வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவால் முன்கூட்டியே இலக்குத் தாளில் சுட்டுக் குறியைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

குழலில் பொறித்திருக்கும் அளவும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். .300 பிளாக்அவுட் தோட்டா .223 துப்பாக்கியிலும் உள்ளே நுழைந்துவிடக்கூடும். விசையை அழுத்தினால் துப்பாக்கியே வெடித்துச் சிதறும். இரண்டையும் வைத்திருப்போர் தோட்டாக்களைத் தனித்தனியே பிரித்து வைக்கிறார்கள். பன்றிக்குப் பின்னால் மண்மேடு போன்ற தடுப்பு இல்லாத இடத்தில் சுடக்கூடாது. துளைத்து வெளியேறிய குண்டு வெகுதூரம் போகும்.

சட்டமும் தோட்டாவைத் தீர்மானிக்கிறது. ஈயத் துணுக்குகள் கலந்த இறைச்சி காண்டோர் கழுகுகளைக் கொல்வதால், 2019 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டு கட்டாயம். வீழ்த்திய பன்றியை அறுக்கும்போது புருசெல்லோசிஸ் என்னும் தொற்று பரவாமலிருக்கக் கையுறை அணிய வேண்டும். இறைச்சியை 71 டிகிரி செல்சியஸ் வரை வேகவைக்க வேண்டும்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி உரிமம் பெற்றவருக்கும் வேட்டை உரிமை கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அதிகாரம் பெற்ற அலுவலரின் உத்தரவு இல்லாமல் காட்டுப்பன்றியைச் சுடுவது குற்றம். பன்றியால் பயிரை இழந்த விவசாயிகள் வனத்துறையிடம் புகார் அளித்து இழப்பீடு கோருவதே பாதுகாப்பான வழி.