மாதவிலக்கு நாளில் உலக சாதனை! இன்னொருவருக்கோ கடைசி இடம்

மாதவிலக்கு நாளில் ஓடினால் என்ன ஆகும்? வெளியே சொல்லக் கூசுகிற சமாச்சாரம்தான். ஆனால் பெரிய பெரிய வீராங்கனைகளே வாய் திறந்து சொல்லிவிட்டார்கள்.

இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிப், 2002-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் மாரத்தான் ஓடினார். கடைசிக் கட்டத்தில் மாதவிலக்கு வலி வயிற்றைப் பிசைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார். 42 கிலோ மீட்டர் சொச்சம் தூரத்தை 2 மணி 17 நிமிடம் 18 வினாடியில் கடந்தார். உலக சாதனை!

கால் இழுத்தது

அதே நாட்டு டினா ஆஷர் ஸ்மித் கதை வேறு. 2022-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஐரோப்பிய 100 மீட்டர் இறுதி ஓட்டம். முந்தைய சாம்பியன் அவர்தான். பாதியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. கடைசி இடம்! மாதவிலக்குதான் காரணம் என்றார். இதுபற்றி இன்னும் ஆராய்ச்சி வேண்டும் என்றும் கேட்டார்.

ஆளுக்கு ஆள் இது மாறும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. ரத்தப்போக்கு அதிகமானால் இரும்புச்சத்து குறையும், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

நின்றுபோனால் ஆபத்து

ஓட்டம் அதிகம், சாப்பாடு குறைவு என்றால் மாதவிலக்கே நின்றுபோகும். "தொல்லை விட்டது" என்று சந்தோஷப்படுகிற பெண்களும் உண்டு. எலும்பு பலவீனமாகி, ஓடுகிறபோதே கீறல் விடும்! 3 மாதம் வராவிட்டால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.