பிரசவத்துக்குத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது?

எட்டாம் மாதம் நடக்கும் ஒரு பெண்ணிடம் பேசிப் பாருங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு, சர்க்கரை உண்டா இல்லையா, கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் என்ன, டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி எது என்று மளமளவெனச் சொல்வார். செவ்வாய்க்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடக்கும் கர்ப்பிணிப் பரிசோதனையின் பலன் அது. சூட்டு வலிக்கும் நிஜ வலிக்கும் என்ன வித்தியாசம், எந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், லேபர் வார்டுக்குள் என்னென்ன செய்வார்கள் என்று அடுத்துக் கேளுங்கள். "அதெல்லாம் அம்மா பாத்துக்குவாங்க" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதில் தமிழ்நாடு எப்போதோ ஜெயித்துவிட்டது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆனால் பயமும் கூடவே ஆட்டோவில் ஏறி வந்துவிடுகிறது. பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று கேட்டே அந்தப் பெண் வளர்ந்திருக்கிறார். சினிமாவில் அலறலையும், கதவைத் திறந்து வரும் டாக்டர் தாயா சேயா என்று கேட்பதையும் பார்த்திருக்கிறார். சொந்தத்தில் யாருக்கோ நேர்ந்த விபரீதம் வளைகாப்பு வீட்டிலேயே காதில் விழுந்துவிடும்.

இந்தப் பயம் மனதோடு நிற்பதில்லை. மிரண்டுபோனால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசினின் வேலை தடுமாறி, பிரசவம் நீளக்கூடும். இங்கிலாந்து மருத்துவர் கிரான்ட்லி டிக்-ரீட் 1930களிலேயே இதைப் பற்றி எழுதினார். பயம் தசையை இறுக்கும், இறுக்கம் வலியைக் கூட்டும், வலி மறுபடி பயத்தைக் கூட்டும் என்பது அவர் சொன்ன சுழல். பிரான்ஸ் மருத்துவர் ஃபெர்னான் லமாஸ் 1951இல் சோவியத் ஒன்றியத்துக்குப் போனார். மூச்சுப் பயிற்சியாலும் முன்கூட்டிய விளக்கத்தாலும் வலியைச் சமாளிக்கச் சொல்லித்தரும் முறையை அங்கே பார்த்துவிட்டு, பாரிஸில் தொடங்கினார். இன்று நம் நகரங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் கர்ப்பகால வகுப்புகளின் மூச்சுப் பயிற்சிக்குப் பூர்விகம் அதுதான்.

டிக்-ரீட் ஓரிடத்தில் எல்லை தாண்டினார். பயம் போனால் வலியே பெரிதாக இருக்காது என்கிற அளவுக்குப் பேசினார். அந்தப் பேச்சின் மிச்சம் இன்னும் போகவில்லை. வலி தாங்காமல் கத்தினாலோ, வலி தெரியாமலிருக்க எபிடியூரல் ஊசி கேட்டாலோ, கடைசியில் ஆபரேஷன் ஆகிவிட்டாலோ, தைரியம் போதவில்லை என்று அந்தப் பெண்ணின் தலையிலேயே பழியைப் போடுகிறார்கள். பிரசவத் துணிச்சல் என்பது பெண் வீட்டிலிருந்தே கட்டி எடுத்துவர வேண்டிய சாமான் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. ஆய்வுகள் காட்டுவது வேறு.

அமெரிக்காவில் நான்சி லோ என்ற செவிலியத் துறை ஆய்வாளர், பிரசவத் தன்னம்பிக்கையை அளக்க 1993இல் ஒரு வினாத்தாள் வெளியிட்டார். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் கோட்பாட்டை ஒட்டியது அது. மூச்சைச் சீராக விடுவது, உடம்பைத் தளர்த்துவது போன்ற ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகள். இது வலியில் உதவும் என்று நினைக்கிறீர்களா? இதை உங்களால் செய்ய முடியும் என்று நினைக்கிறீர்களா? இந்த இரண்டுக்கும் இடையில்தான் பல வகுப்புகள் கோட்டை விடுகின்றன. நாற்காலியில் உட்கார்ந்து ஸ்லைடு பார்த்தால் முதல் கேள்விக்கு 'ஆம்' வந்துவிடும். இரண்டாவதற்கு 'ஆம்' வர வேண்டுமென்றால், பண்டூரா சொன்ன வழிகள் நான்கு: தானே செய்து பழகுவது, தன்னைப் போன்ற இன்னொருத்தி செய்ததைப் பார்ப்பது அல்லது கேட்பது, மதிக்கும் ஒருவர் 'உன்னால் முடியும்' என்று சொல்வது, உடம்பில் ஏற்படும் பரபரப்பைத் தவறாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது. போன வருஷம் பெற்றெடுத்த பக்கத்துத் தெருப் பெண்ணை வகுப்புக்கு அழைத்துவந்து அரை மணி நேரம் பேச வைத்தால், இதில் பாதி கைகூடிவிடும். செலவும் ஒரு டீ, பிஸ்கட்தான்.

வகுப்புகளால் என்ன பலன் என்று 2007இல் வெளியான, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று 9 ஆய்வுகளை, 2,284 பெண்களின் விவரங்களை அலசியது. உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை என்று கையை விரித்தது. பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றில் பயம் குறைந்ததும் தன்னம்பிக்கை கூடியதும் தெரிகின்றன. சிசேரியன் குறையுமா என்பதில் அவற்றுக்குள் ஒருமித்த பதில் இல்லை. வகுப்பு என்ற பெயரில் எங்கே என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் இது. என்ன சாப்பிடலாம், எந்தப் பக்கம் படுக்கலாம் என்பதோடு முடிந்துவிட்டால், அதை வகுப்பு என்பதைவிட அறிவுரை என்பதே சரி.

உருப்படியான வகுப்பு எப்படி இருக்கும்? வலி தொடங்கியதும் குழந்தை வந்துவிடாது என்பதைப் புரியவைக்கும். கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே வலியின் தீவிரக் கட்டம் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வரையறுத்தது. அதற்கு முந்தைய கட்டம் ஆளுக்கு ஆள் மாறும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தாக வேண்டும் என்ற பழைய கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது என்றும் அந்த நிறுவனம் சொன்னது. "இன்னும் ரெண்டு விரல்தான் திறந்திருக்கு" என்று நர்ஸ் சொல்லும்போது, இந்தக் கணக்கு தெரிந்தவர் தன் உடம்பு தோற்றுவிட்டதாக நினைக்க மாட்டார். அதே மூச்சில், எதற்குக் காத்திருக்கவே கூடாது என்பதையும் வகுப்பு சொல்ல வேண்டும். ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது, கடுமையான தலைவலியோடு கண் மங்குவது, வலிப்பு என்றால் உடனே 108.

பிரசவம் முடிந்த பெண்கள் அந்த அனுபவத்தை எதை வைத்து எடைபோடுகிறார்கள் என்று கனடாவின் எலன் ஹாட்னெட் 2002இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். வலியின் அளவு அத்தனை பெரிய காரணமாக இல்லை. தான் எதிர்பார்த்தது என்ன, பார்த்துக்கொண்டவர்கள் எவ்வளவு ஆதரவாக இருந்தார்கள், அவர்களோடு உறவு எப்படி இருந்தது, முடிவெடுப்பதில் தனக்குப் பங்கு இருந்ததா என்ற நான்குமே மேலோங்கி நின்றன. நான்கில் மூன்று லேபர் வார்டின் கையில் இருப்பவை. கூடவே ஒருவர் தொடர்ந்து இருப்பதன் பலன் இன்னும் தெளிவானது. 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கையில், துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடியிருந்தது, சிசேரியன் குறைந்திருந்தது, வலி நேரமும் சற்றுச் சுருங்கியிருந்தது.

தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு 2004இலேயே வழி செய்தது. மத்திய அரசு 2016இல்தான் அந்த முடிவுக்கு வந்தது. துணை ஒரு பெண்ணாக, முடிந்தவரை பிரசவம் கண்டவராக இருக்க வேண்டும். தனிமறைவு உள்ள அறைகளில் கணவரை அனுமதிக்கலாம் என்பது மத்திய அரசின் வழிகாட்டல். பரிசோதனைக்கு வரும் பெண்ணோடு, உள்ளே நிற்கப்போகும் அம்மாவையோ அண்ணியையோ உட்காரவைத்து, இடுப்பை எப்படி நீவிவிடுவது, எப்போது பேசுவது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்தால் நல்லது. கடைசியாகச் சொன்னது அத்தனை சுலபமில்லை.

முடிவெடுப்பதில் பங்கு கிடைக்க இன்னொரு வழி, தனக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் பிரசவத் திட்டம். அதை 1980 வாக்கில் பரப்பியவர் அமெரிக்காவின் பென்னி சிம்கின். நம் ஊரில் வசதியுள்ளவர்களிடம் ஒரு திட்டம் ஏற்கெனவே உண்டு: ஜோதிடர் குறித்த நேரத்துக்கு ஆபரேஷன். என்ன, அதில் பெண்ணைத் தவிர எல்லோரும் பேசியிருப்பார்கள்.

திட்டம் நீளமாக இருந்தால் எதிர்விளைவும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், கேட்டதில் அதிகம் நிறைவேறியவர்களுக்குத் திருப்தி கூடியிருந்தது. கோரிக்கைகளை ஏராளமாக அடுக்கியவர்களுக்கோ குறைந்திருந்தது. ஒரு பக்கம் போதும். துணைக்கு யார் வருவார், வலியின்போது எழுந்து நடக்கலாமா, வலி நிவாரணம் என்ன வேண்டும், வலி வர டிரிப்ஸ் போடுவதற்கும் கீழே வெட்டித் தையல் போடுவதற்கும் முன் சொல்வார்களா என்பவை ஒரு பாதி. மறுபாதி ஆபரேஷனுக்கு. முன்பு சொன்ன அதே தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சிசேரியன் அளவு 44.9 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. இந்த அளவே சரிதானா என்பது தனியாகச் சண்டை போட வேண்டிய விஷயம். ஆனால் அது இருக்கும்வரை, சுகப்பிரசவத்தை மட்டும் பேசும் வகுப்பும் திட்டமும் ஏறக்குறைய பாதிப் பேரை நடுவழியில் இறக்கிவிடுகின்றன. ஆபரேஷன் என்றால் குழந்தையை உடனே காட்டுவார்களா, நெஞ்சில் போடுவார்களா, முதல் ஒரு மணி நேரத்தில் பால் கொடுக்க யார் உதவுவார் என்பதையும் எழுதலாம்.

இன்னொரு சிக்கல் நமக்கே உரியது. தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பு முடிந்து தாய்வீடு போய்விடுகிறார்கள். ஏழு மாதம் பார்த்த டாக்டரிடம் பேசிவைத்த எதுவும் புது ஊரின் லேபர் வார்டுக்குத் தெரியாது. பிக்மி எண்ணில் ரத்த வகையும் ஸ்கேன் விவரமும் தொடர்ந்து வரும், விருப்பம் வராது. ஆகவே 34ஆம் வாரத்துக்குள் பிரசவம் நடக்கப்போகும் மருத்துவமனைக்கே ஒருமுறை போய், அந்த ஒரு பக்கத்தை வைத்துப் பேசுவது நல்லது. எது முடியாது என்று அவர்கள் அப்போதே சொல்லிவிட்டால் அதுவும் லாபம்தான்.

வீடு திரும்பும் நாளில் கேட்க வேண்டிய ஒன்று மிச்சம் இருக்கிறது. ஆபரேஷன் ஆகியிருந்தால், என்ன காரணத்துக்காக என்று டிஸ்சார்ஜ் சீட்டில் தெளிவாக எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்; புரியவில்லை என்றால் விளக்கச் சொல்லுங்கள். அடுத்த பிரசவத்தில் சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்கலாமா என்று டாக்டர் முடிவெடுக்கும்போது முதலில் தேடும் விவரங்களில் அதுவும் ஒன்று.