வற்றுதலும் சுரத்தலும்: தாய்ப்பால் குறைவு குறித்த தமிழ் வழக்குகளும் நெய்வேலிச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

தாய்ப்பால் குறைவைச் சுட்டும் தமிழ்ப் பேச்சு வழக்குகளையும் இலக்கியச் சான்றுகளையும் இன்றைய உடலியல் அறிவோடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது. பால் குறைந்தால் தாயின் உடலைக் குறைகூறும் இன்றைய வழக்கைவிட, அவள் வாழும் வீட்டின் நிலையைக் காரணமாகக் கண்ட புறநானூற்றுப் பார்வையே தீர்வுக்கு நெருக்கமானது என்பது இதன் கருத்து. நெய்வேலி நகரியத்தின் வாழ்க்கைச் சூழல் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

முன்னுரை

1956ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின் உருவான நெய்வேலி நகரியம், பல மாவட்டங்களிலிருந்தும் பணிக்காக வந்த குடும்பங்கள் வட்டம் வட்டமாக வாழும் குடியிருப்பு ஆகும். தலைப்பிள்ளைப் பேறு முடிந்து தாய்வீட்டிலிருந்து இங்குத் திரும்பும் பெண்ணுக்கு, அதுவரை உடனிருந்த தாயும் பாட்டியும் தொலைவில் ஆகிவிடுகின்றனர். இரவு முறைப்பணிக்குக் கணவர் சென்றபின் குழந்தை விடாது அழுமானால், ‘பால் பத்தலையோ’ என்னும் ஐயம் எழுவது இயல்பு. அந்த ஐயத்திற்கு மொழி என்ன விடை தருகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பேச்சு வழக்கின் பாகுபாடு

‘பால் குறைவு’ என இன்று ஒரே பெயரால் சுட்டப்படுவதைப் பேச்சுத் தமிழ் பலவாகப் பிரித்துக் காண்கிறது. ‘பால் இறங்கவில்லை’ என்பது பேற்றை அடுத்த முதல் சில நாள்களுக்கு உரியது. அப்போது சுரக்கும் சீம்பால் அளவிற் சிறிதேயாயினும் பிறந்த குழந்தையின் சிறு வயிற்றுக்குப் பெரும்பாலும் போதுமானது. ‘பால் கட்டிக்கொண்டது’ என்பது பால் இருந்தும் வெளியேறாத நிலை. ‘பால் வற்றிவிட்டது’ என்பது சுரப்பே குன்றியதைக் குறிக்கும். ‘பால் மறக்கடித்தல்’ தாயே விரும்பி நிறுத்துவது. பால் நிறுத்த மல்லிகைப் பூவை மார்பில் கட்டும் வழக்கம் 1988இல் வெளியான வேலூர் மருத்துவர்களின் ஆய்வில் சோதிக்கப்பட்டுப் பயனுடையதாகக் கண்டறியப்பட்டது.

இவற்றுள் ‘பால் பற்றவில்லை’ என்பது தனித்து நோக்கத்தக்கது. மற்றவை தாயின் உடலில் காணும் நிலையையோ செயலையோ கூறுகின்றன. இதுவோ குழந்தையின் அழுகையிலிருந்து பெறப்படும் ஊகம். குழந்தை பசியின்றியும் அழும். சில வாரங்கள் கழித்து மார்பின் கனம் குறைவதும், பால் தானே கசிவது நிற்பதும், வளர்ச்சி விரையும் நாள்களில் குழந்தை அடிக்கடி பால் கேட்பதும் குறைவுக்கு அடையாளங்கள் அல்ல. முதல் வாரத்திற்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாது சிறுநீர் கழிப்பதும், பிறந்தபோதிருந்த எடையை இரண்டு வாரங்களுக்குள் மீட்டு மேலும் எடை கூடுவதும் பால் போதுமென்பதற்குரிய சான்றுகள்.

மணற்கேணியும் சுரப்பும்

சுரத்தல் என்னும் வினை ஊற்றுக்கும் மழைக்கும் பசுவுக்கும் வள்ளலின் கொடைக்கும் பொதுவானது. தோண்டத் தோண்ட ஊறும் மணற்கேணியைத் திருவள்ளுவர் கல்விக்கு உவமையாக்கினார் (396). அவ்வுவமை தாய்ப்பாலுக்கும் பொருந்தும். குழந்தை சுவைக்கும்போது புரோலாக்டின் பாலை உருவாக்கவும், ஆக்சிடோசின் அதனை வெளியேற்றவும் தூண்டுகின்றன. மார்பில் பால் தேங்கினால் சுரப்பு மட்டுப்படும். வெளியேறினால் மீண்டும் பெருகும்.

நிலத்தடி நீரை இடையறாது இறைத்தே சுரங்கம் இயங்கும் நெய்வேலியில், இறைத்தால் நீர்மட்டம் தாழும் என்பது கண்கூடு. அவ்வனுபவத்தை இங்குப் பொருத்தலாகாது. ‘மார்பில் பால் சேரட்டும்’ என்று இடைவெளி விட்டுக் காத்திருப்பது சுரப்பைக் குறைக்கும். ஐயத்தால் புட்டிப்பால் தொடங்கினால் குழந்தை தாயிடம் பருகும் முறை குறைகிறது. அதனால் சுரப்பும் உண்மையிலேயே குறைகிறது. ஊகமாக இருந்த ‘பற்றாமை’ இவ்வாறு ‘வற்றுதல்’ ஆகிறது.

எனவே குறைந்த பாலைப் பெருக்கும் முதல் வழி, நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரவிலும் விடாமல் பால் கொடுப்பதாகும். குழந்தை காம்பை மட்டும் கவ்வாமல் கருவட்டத்தின் பெரும்பகுதியையும் சேர்த்து வாய்கொள்ளப் பற்ற வேண்டும். குழந்தை பருகியபின் எஞ்சியதைக் கையால் பீய்ச்சுவதும் சுரப்பைத் தூண்டும்.

பத்திய உணவு

பூண்டு, வெந்தயம், முருங்கைக்கீரை, பால்சுறா, தண்ணீர்விட்டான் கிழங்கு, அம்மான்பச்சரிசி ஆகியவை பால் பெருக்குவனவாகப் போற்றப்படுகின்றன. கிள்ளினால் பால் வடியும் அம்மான்பச்சரிசியும், பெயரிலேயே பால் கொண்ட சுறாவும் இவ்வரிசையில் இடம்பெறுவது ஒப்புமைவழிச் சிந்தனையின் பயனாகலாம். இவற்றின் ஆற்றலுக்கு உறுதியான மருத்துவச் சான்று இன்னும் போதிய அளவில் இல்லை. ஆயினும் ஈன்றவளுக்கென ஒருவர் தனியே சமைத்து ஊட்டும் ஏற்பாடு பத்தியத்தின் உள்ளே இருக்கிறது. அவளுக்கு ஓய்வும் உணவும் தரும் அவ்வேற்பாடே அதன் பெரும்பயன் எனலாம். பத்தியத்தின் பெயரால் தாகத்திற்குத் தண்ணீர் மறுப்பது மட்டும் கைவிடத்தக்கது.

வறுமுலையும் அமுதசுரபியும்

புறநானூற்றின் 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார், நாடிழந்து காட்டிலிருந்த குமணனிடம் தம் மனையின் நிலையை உரைக்கிறார். சமைத்தலை மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. வற்றிய மார்பைச் சுவைத்துச் சுவைத்து மகவு அழுகிறது. தாய் அதன் முகம் நோக்குகிறாள். புலவர் அவள் முகம் நோக்கிப் புறப்படுகிறார். இப்பாடலில் அடுப்பு முதலிலும் வற்றிய மார்பு அடுத்தும் அமைந்துள்ள வைப்புமுறை கருதத்தக்கது. பால் வற்றியதற்கு வீட்டின் வறுமை காரணமாகிறது; அதை நீக்கும் பொறுப்பு கணவனுக்கும் புரவலனுக்கும் உரியதாகிறது. தாய்மீது ஒரு பழிச்சொல்லும் இல்லை.

மணிமேகலையில் தாயால் கைவிடப்பட்ட ஆபுத்திரனை ஓர் ஆ ஏழு நாள் பாலூட்டிக் காக்கிறது. அவன் கையிலேயே பின்னர் அமுதசுரபி சேர்கிறது. ‘சுரபி’ வடசொல்லாயினும் தமிழ்ச் செவிக்குச் சுரத்தலை நினைவூட்டுவது. தாய்ப்பால் பெறாத குழந்தையைக் காப்பியம் இழிவுபடுத்தவில்லை. ஓராண்டு நிறையாத குழந்தைக்குப் பசும்பாலை முதன்மை உணவாக்க இன்றைய மருத்துவம் பரிந்துரைப்பதில்லை. எனினும் எடை கூடாத குழந்தைக்கு மருத்துவர் அறிவுரைப்படி மாற்றுப்பால் தருவது தாய்மைக்கு இழுக்காகாது. தைராய்டு குறைபாடு, நஞ்சுக்கொடித் துணுக்கு கருப்பையில் தங்குதல், பேற்றின்போது மிகுந்த குருதிப்போக்கு ஆகியவற்றாலும் பால் குறையும். இந்நிலைகளில் மருத்துவம் இன்றியமையாதது.

நெய்வேலியில் அடுப்பின் இடத்தில் நிற்பவை

வறுமையின் இடத்தில் இன்று பிரிவும் பணிநேரமும் தனிமையும் நிற்கின்றன. 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் முதலிரு பேறுகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. தாய்ப்பால் மட்டுமே தரவேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் கூறும் ஆறு மாதமும் ஏறத்தாழ இதுவே. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமெனவும், தாய் நாளில் நான்கு முறை அங்குச் செல்லலாமெனவும் அச்சட்டம் கூறியது. ஆனால் குடியிருப்புகளில் வீட்டுவேலை செய்யும் பெண்களை இச்சட்டம் எட்டவில்லை. அவர்கள் குழந்தையை விட்டுவரும் நேரமெல்லாம் பால் தேங்கும் நேரமே.

பணியிடத்தில் ஏறத்தாழ மூன்று மணிக்கொருமுறை பாலைப் பீய்ச்சினால் சுரப்பு நிலைக்கும். பீய்ச்சிய பால் 25 பாகை வெப்பம் வரை நான்கு மணிநேரமும், குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாளும் தாங்கும். நெய்வேலியின் கோடைக்குக் குளிர்பதனமே தக்கது. இதற்கு ஒரு மறைவான அறையும் சிறிது நேரமும் வேண்டும். அவற்றைத் தர வேண்டியது தாயன்று, பணியிடமே.

முடிவுரை

பால் இறங்காமை, கட்டுதல், பற்றாமை, வற்றுதல் என்னும் வழக்குகளைப் பிரித்தறிந்தால் தேவையற்ற அச்சமும் தேவையற்ற புட்டிப்பாலும் குறையும். சுரத்தல் என்னும் சொல் கொடுப்பதால் பெருகும் இயல்பைக் குறிப்பால் உணர்த்துகிறது. ‘உனக்குப் பால் பத்துதா?’ என்று தாயைக் கேட்பதற்கு முன், அவள் உண்டாளா, உறங்கினாளா, குழந்தையோடு இருக்க நேரம் பெற்றாளா என்று கேட்பதே புறநானூறு காட்டும் நெறி.